உயிரோடிருப்பவருக்கு ஊதுபத்தி

கசுமிகாவா அழகான ஊர். ஆறு உண்டு, ஆற்றங்கரையில் செர்ரி மரங்கள் உண்டு, எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். இத்தனையும் இருந்து என்ன பயன்? அதைப் பார்ப்பதற்கு ஆண்பிள்ளைகள் ஊரில் இருப்பதில்லை. காலை ரயில் அத்தனை பேரையும் தோக்கியோவுக்கு வாரிக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் வேலிச் செடி வெட்டுவதும் கார் கழுவுவதுமாகத் தெருவில் தென்படுவார்கள்.

குவாபாரா ஷூஹே ஞாயிற்றுக்கிழமையிலும் தென்படாத ரகம். லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பகுதித் தலைவர். தோக்கியோவில் எந்தக் கட்டிடத்தில் லிப்ட் நடுவில் நின்றாலும் அவருடைய போன் அலறும். விடியுமுன் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கும் படிக்கட்டு வழியாக ஸ்டேஷனுக்கு ஓடுவார். ஊர் அடங்கிய பிறகு அதே படிக்கட்டில் ஏறி வருவார். ஞாயிறு முழுக்க அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். வீட்டு முன்வாசலைத் திறந்து தெருவில் அவர் கால் வைத்தது மொத்தம் இரண்டு மூன்று தடவை இருந்தால் அதிகம்.

அந்த வீட்டை வாங்கியதே அவர் மனைவி சயோகோவுக்காகத்தான். தோக்கியோவில் அவர்கள் இருந்த பிளாட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துச் சுவர்தான். கல்யாணமான புதிதில் அவள் மலை தெரியும் ஜன்னலுக்கு ஆசைப்பட்டாள். வாங்கிக் கொடுத்தார். கடனையும் வாங்கிக்கொண்டார். ஜன்னல் அவளுக்கு, ரயில் அவருக்கு. இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிப்போயிற்று.

பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும் இலையுதிர் காலத்துச் சமநாள் அன்று அரசு விடுமுறை. செத்தவர்களுக்குப் படையல் போட்டுக் கல்லறைக்குப் போய்வரும் வாரம் அது. அதிசயமாக அன்றைக்கு தோக்கியோவில் ஒரு லிப்டும் நிற்கவில்லை. சயோகோ ஆற்றங்கரை பேக்கரிக்குப் போயிருந்தாள். ஷூஹே முட்டி வெளுத்த பழைய பேன்ட்டும் சவரம் செய்யாத முகமுமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தது.

திறந்தார். பக்கத்து வீட்டு இசோகாய் அம்மாள் நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டிய, வட்டமுகக்காரி. ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் வெள்ளைக் காகிதம் சுற்றிய ஊதுபத்திக் கட்டு. இவரைப் பார்த்ததும் திகைத்து ஓரடி பின்வாங்கினாள்.

"மன்னிக்கணும், சயோகோ-சான் இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

அந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகம் இளகியது. "ஓ! நீங்க அவரோட தம்பியா? அதானே பார்த்தேன், முகஜாடை அப்படியே இருக்கே!"

பார்த்தே இராத ஆளின் முகஜாடையை அவள் எங்கே கண்டாளோ!

"எவரோட தம்பி?" என்றார் ஷூஹே.

"சயோகோ-சானோட வீட்டுக்காரரைச் சொல்றேன். காலமானவரை." அவள் ஊதுபத்திக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகுனிந்து நீட்டினாள். "பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. சமநாளாச்சேன்னு அவருக்கு ஊதுபத்தி. டப்பாவில ஒஹாகி, இன்னிக்குக் காலைல நானே பண்ணினேன்."

குத்துக்கல் மாதிரி நிற்கிற மனுஷன் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மா, நான்தான் அந்த வீட்டுக்காரன், உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஷூஹே இருபது வருஷமாக வாடிக்கையாளர்கள் முன்னால் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டே பழகியவர். எதிரில் இருப்பவர் வெட்கப்படும்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. ஊதுபத்தியும் கையுமாக வந்து நிற்கிற ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க," என்றுவிட்டார். "தம்பிதான்."

சொல்லியாயிற்று. வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா என்ன?

இசோகாய் அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தே விட்டாள். "உங்க அண்ணன் எப்பேர்ப்பட்ட மனுஷன்! சயோகோ-சான் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். பழம் நறுக்கினா முதல் துண்டு அவங்க வாய்க்குத்தானாமே? குளிக்கிறப்போ பாடுவாராம். சுருதியே சேராதாம், ஆனா விடமாட்டாராம்!"

"பாடுவான்," என்றார் ஷூஹே.

"இந்த வீட்டைத் தேடி ஞாயிறு தவறாம ரெண்டு பேருமா ஊர் ஊரா அலைஞ்சாங்களாம். கையில சோத்து உருண்டை கட்டிக்கிட்டு, ரயில்ல சிரிச்சுக்கிட்டே போவாங்களாம். வீடு கிடைச்சுது, மனுஷன் இல்ல. என்ன விதியோ போங்க."

ஷூஹே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்த ரயில்கள் அவருக்கு நினைவிருந்தன. கடைசியாகப் பழம் நறுக்கியது எப்போது, பாடியது எப்போது என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. இந்தம்மாள் சொல்கிற மனுஷன் உண்மையிலேயே செத்துப்போயிருந்தான். அவர்தான் கவனிக்கவில்லை.

"அவரோட சட்டையெல்லாம் இன்னும் துவைச்சுக் காயப்போடறாங்க, தெரியுமா? தனியா இருக்கற பொம்பளைங்க திருட்டுப் பயத்துக்கு ஆம்பளைத் துணியைத் தொங்கவிடறது வழக்கம்தான். இவங்க அதை இஸ்திரி போட்டு வேற மடிச்சு வைக்கிறாங்க. ஜன்னல் வழியா பார்க்கறப்பல்லாம் எனக்கு மனசு தாங்கறதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "தம்பிங்கறதால உங்ககிட்ட சொல்றேன். நாப்பத்தஞ்சு ஒரு வயசா? என் ஒண்ணுவிட்ட தம்பி தபால் ஆபீஸ்ல இருக்கான். தங்கமான ஆளு. அஞ்சு மணி அடிச்சா வேலை முடிஞ்சுது, சைக்கிள்ல வீடு. சயோகோ-சான்கிட்ட ஜாடையா சொல்லிப் பார்த்தேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. வேண்டாம்னு சொல்லல."

ஷூஹேவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயைத் திறந்து கத்தவும் முடியாது.

"சரி, படத்துக்கு முன்னால ஒரு பத்தி ஏத்திட்டுப் போறேன்," என்று எழுந்தாள் இசோகாய் அம்மாள்.

"படம்... மாடம் எல்லாம் இங்க இல்லைங்க. ஊர்ல, நிகாதாவுல, பெரிய வீட்டுல இருக்கு."

"அப்படியா? அப்ப இங்கேயே கும்பிட்டுக்கறேன்." மலைப் பக்கம் திரும்பிக் கை கூப்பிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. உறவோ முறையோ இல்லாத ஒருத்தி, முகம்கூடத் தெரியாதவனுக்காக உருகி நின்றாள். வேறு வழி தெரியாமல் ஷூஹேயும் தன் ஆத்மாவுக்காகத் தானே கை கூப்பினார்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிப் பையோடு சயோகோ தெருமுனையில் திரும்பினாள். இருவரும் கைகூப்பி நிற்பதைக் கண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க கொழுந்தனார் வரப்போறார்னு சொல்லவே இல்லையே!" என்றாள் இசோகாய் அம்மாள்.

ஷூஹே குனிந்து, "வாங்க அண்ணி," என்றார்.

இசோகாய் அம்மாள் போன பிறகு இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒஹாகி டப்பா. சிவப்புப் பயறு விழுது பூசிய சோற்று உருண்டைகள், வரிசையாக ஆறு. யாரும் தொடவில்லை.

"நான் எப்பச் செத்தேன்?" என்று கேட்டார் ஷூஹே. கோபமாகத்தான் கேட்க நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

சயோகோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிவந்த அன்னிக்கு. எதிர் வீடு மூணுக்கும் பக்கத்து வீடு ரெண்டுக்கும் வழக்கப்படி ஆளுக்கொரு துண்டு கொடுத்து அறிமுகம் பண்ணிக்கணும்னு சொன்னேன். நீங்க பெட்டியைக்கூடப் பிரிக்காம ஆபீசுக்குப் போயிட்டீங்க. தனியா போனேன். இசோகாய்-சான் 'வீட்டுக்காரர் எங்கே'ன்னாங்க. 'அவர் இல்லைங்க'ன்னு சொல்றப்பவே அழுகை வந்துடுச்சு. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே?"

"அடுத்த நாள் குழம்பு கொண்டு வந்தாங்க. அதுக்கடுத்த நாள் தோட்டத்துக் கத்தரிக்காய். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அஞ்சு வீட்டுக்காரங்களும் மாத்தி மாத்தி வந்தாங்க. உங்களுக்குத் தெரியுமா, எனக்குக் காய்ச்சல் வந்தது?"

தெரியாது. ஷூஹே தலையைக் குனிந்துகொண்டார்.

"புருஷன் இருக்கறவ வீட்டுக்கு யாரு வருவா? அதுவும் தவிர..." அவள் நிறுத்தினாள். "உங்களைப் பத்திக் கேட்டாங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியல. நல்ல விஷயமாவே ஞாபகம் வந்துச்சு. பேசினா நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு. இருக்கறவரைப் பத்தி அப்படிப் பேச முடியல எனக்கு. மன்னிச்சுடுங்க."

"தபால்காரனை வேண்டாம்னு ஏன் சொல்லல?"

சயோகோ முதல்முறையாக நிமிர்ந்தாள். "அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆம்பளை எப்படி இருப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்த்தேன். யோசிச்சது தப்புன்னா தப்புதான்."

ஷூஹே இத்தனை நாளும் அவள் சந்தோஷத்துக்காகத்தான் ஓடுகிறோம் என்று நம்பியிருந்தார். அவளோ அவரை மனசுக்குள் அடக்கம் செய்து, துக்கம் காத்து, ஒருவாறு தேறியும் வந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் முழுக்கத் தேறிவிடுவாள். அந்த நினைப்புதான் அவரை எழுந்து நிற்க வைத்தது.

அவள் அறியாத ஒன்று அவர் நெஞ்சில் கிடந்தது. பத்து நிமிஷ ரயில் தூரத்தில், ஹச்சியோஜியில், கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. வசந்த காலத்தில் மேலதிகாரி கூப்பிட்டு, அங்கே போகிறீர்களா என்று கேட்டார். பகுதித் தலைவர் பதவி இருக்காது, மேலே ஏறவும் முடியாது. ஒதுக்கி வைக்கிற இடம் என்று ஆபீஸில் அதற்குப் பெயர். மாட்டேன் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

"சயோகோ, நான் உயிரோட இருக்கறது உனக்கு வேணுமா? உள்ளதைச் சொல்லு."

"அதை என்கிட்ட கேக்கறீங்களே," என்றாள் அவள். "நீங்கதான் சொல்லணும்."

அவர் போய் முகம் கழுவிச் சவரம் செய்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டார். மேல் அலமாரியில் தேடி, பிரிக்காத துண்டு ஒன்றை எடுத்து வந்தார். "வா," என்றார். "அந்தம்மாகிட்ட போகலாம்."

"என்ன நினைப்பாங்க! ஊர் பூரா சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?"

இசோகாய் அம்மாள் கதவைத் திறந்தாள். ஷூஹே இடுப்பு வளையக் குனிந்து துண்டை நீட்டினார். "நான் தம்பி இல்லைங்க. குவாபாரா ஷூஹே நான்தான். இவ வீட்டுக்காரன். இத்தனை நாளா அறிமுகம் பண்ணிக்க வராததுக்கு மன்னிக்கணும்."

அந்தம்மாள் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"பொய் சொன்னது நான்தான் இசோகாய்-சான்," என்று சயோகோ அழுதுகொண்டே குனிந்தாள். "நீங்க அவ்வளவு அன்பா இருந்தீங்க, நான் உங்களை ஏமாத்திட்டேன்."

உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இசோகாய் அம்மாள் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒன்றரை வருஷமா தினம் காலைல உங்களுக்காகக் கும்பிட்டிருக்கேன்," என்றாள் ஷூஹேயிடம். திட்டுகிறாளா வாழ்த்துகிறாளா என்று புரியவில்லை. "அத்தனையும் வீணா?"

"வீணாகலைங்க. எனக்கு அது தேவைப்பட்டுச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். "சயோகோ-சான், நீ அழாதே. நீ சொன்னதுல பாதிதான் பொய். நானும் அப்படி இருந்தவதான். எங்க வீட்டுக்காரர் ரிட்டையராகி அறுபது வயசுல உயிரோட திரும்பி வந்தாரு. வந்து என்ன பண்றது? ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னே தெரியல. டிவி பேசுது, நாங்க கேக்கறோம்." பிறகு ஷூஹேயின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு தெருவுக்கெல்லாம் நான்தான் சொல்லணும். சொல்றேன். எத்தனை நாளைக்குன்னு சொல்லட்டும்?"

ஷூஹே பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சயோகோ அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுக்கூட விடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"ஹச்சியோஜி கிளைக்குப் போறீங்களான்னு வசந்தத்துலயே கேட்டாங்க," என்றார். "மாட்டேன்னு சொல்லிட்டேன். இவகிட்ட மறைச்சுட்டேன். நாளைக்குப் போய், அந்த இடத்தையே தரச் சொல்லிக் கேக்கப்போறேன். பதவி போயிடும். சம்பளமும் குறையும். கடன் முடியறதுக்கு இன்னும் நாளாகும். ஆனா இருட்டறதுக்கு முன்னால வீட்டுல இருப்பேன்."

அந்தம்மாளிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது மனைவியை.

வசந்தத்திலிருந்து இன்றுவரை போன மாலைகளை எல்லாம் அவள் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்திருப்பாள். அதற்கு அவள் கோபப்பட்டிருந்தாலும் நியாயம்தான்.

பிறகு, பிறர் பார்க்க அவர் விரலைக்கூடத் தொட்டறியாதவள், இசோகாய் அம்மாளின் கண்ணெதிரே அவர் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பதவி போனா போகட்டும்," என்றாள். "நீங்க வந்துடுங்க."