வயசுக்கு நார்மலு

“அக்கா! பால் குடிக்கா! ஒரு வாய் குடி!”

கிளியம்மாள் போட்ட கூச்சலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டது. கட்டிலில் கிடந்த அவள் அக்கா சின்னப்பொண்ணு மட்டும் அசையவில்லை. மண்ணூரில் சாகக் கிடப்பவர்களுக்குப் பால் ஊற்றும்போது இப்படித்தான் கத்துவார்கள், கத்தாவிட்டால் பாசம் இல்லை என்று பேச்சு வரும்.

“காது அடைச்சிப் போச்சுடி கலைமதி. இனிமே ஒண்ணும் ஏறாது” என்று சித்தி கிளியம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

நேற்றுதான் ஒரகடம் கம்பெனியில் கலைமதியைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அந்த அசெம்பிளி லைனில் ஒரு பெண்ணுக்கு அது முதல் தடவை. சொல்லலாம் என்று ஓடிவந்தால், அம்மா பேச்சு நின்று கிடக்கிறாள். இதைச் சொல்லாமல் அவளை எப்படி அனுப்புவது?

வருஷக்கணக்காகச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள். கம்பெனி பஸ் ஏரிக்கரையில் வரும்போதே, வேறு யார் காதிலும் விழுமுன், “பஸ்சு வந்துட்சி, கெளம்பு” என்று விரட்டியவள். அந்தக் காதுக்குக் குக்கர் விசில் கேட்காது. கலைமதி கூப்பிட்டால் கேட்காது. அண்ணன் ரகுபதி முனகினால் போதும், “இன்னாடா?” என்பாள். “புள்ளன்னா கேக்குது, பொண்ணுன்னா கேக்கலயா?” என்று கலைமதி சண்டை போடாத வாரம் இல்லை.

போன தை மாதம் காது டாக்டர்தான் அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தார். “வயசுக்கு இது நார்மல்மா. கீச்சுன்னு வர்ற சத்தம்தான் மொதல்ல போகும். ஆம்பளக் குரல், பஸ் எஞ்சின் மாதிரி அடிச்சத்தம் நிக்கும். உங்க குரல் மெல்லிசு, கத்தினா இன்னும் கீச்சாகும். கிட்டப் போய், தாழ்த்தி, நிதானமாப் பேசுங்க. ஆனா நார்மல்னா நல்லாக் கேக்குதுன்னு அர்த்தமில்ல. மெஷின் வெச்சா உதவும்.”

சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டது ஒரே வார்த்தையைத்தான். “எங்காது நார்மலாம்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். மெஷின் பேச்சை எடுத்தால், “நார்மலுக்கு எதுக்குடி மெஷினு?”

“சித்தி, கொஞ்சம் நவுரு. யாரும் கத்தாதீங்க” என்றாள் கலைமதி.

“பால் ஊத்தும்போது கத்தாம இன்னாடி பண்றது?” கிளியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் நகர்ந்தாள்.

கலைமதி ஃபேனை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தருகே குனிந்து, குரலை அடித்தொண்டைக்கு இறக்கினாள். “அம்மா. நான் சூப்பர்வைசர் ஆயிட்டேன்.”

ஒன்றுமில்லை. மறுபடி, இன்னும் நிதானமாகச் சொன்னாள். இமை அசைந்தது. கண் திறந்தது. உதடு மெல்லப் பிரிந்தது.

“தொப்பி... இன்னா கலரு?”

லைனில் நிற்பவர்களுக்கு நீலம், சூப்பர்வைசருக்கு மஞ்சள். இத்தனை வருஷம் நீலத் தொப்பியைத் துவைத்துப் போட்டவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“மஞ்சள்மா.”

சின்னப்பொண்ணு தலையைத் திருப்பித் தங்கையைத் தேடினாள். “கேட்டுக்கினியாடி கிளி?”

அப்போது அந்த முகத்தில் தெரிந்த கர்வம் ஊரையே விலைக்கு வாங்கியது மாதிரி இருந்தது. கலைமதிக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் கூடவே வந்தது. அதன்பின் பால் ஒரு மடக்கு இறங்கியது. மதியம் உயிர் போயிற்று.

சாயங்காலம் பந்தலுக்குள் ஒரே ஒப்பாரி. ஏரிக்கரைப் பக்கம் கனமான எஞ்சின் சத்தம் முதலில் கலைமதிக்குத்தான் கேட்டது. யாரும் “பஸ்சு வந்துட்சி” என்று சொல்லவில்லை. தெருமுனையில் பஸ் நின்றது. லைனில் கூட நிற்கும் திருநெல்வேலிப் பக்கத்துச் சந்தனமாரி முன்னால் வர, ஷிஃப்ட் முடித்த பெண்கள் யூனிஃபார்மோடு மாலை தூக்கிக்கொண்டு வந்தார்கள். “மேடம்” என்று கலைமதியின் கையைப் பிடித்தாள் சந்தனமாரி. நேற்றுவரை அக்கா என்றவள்.

கிளியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வருமுன் மூடிக்கொண்டாள். பிறகு அக்காவின் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னாள்:

“அக்கா. ஒம் பொண்ணுக்காக லைனே வந்துகீது.”