வாய்க்குள் படிக்கும் பிள்ளைகள்

எந்தச் சத்தம் முதலில் வந்தது என்பதில் தேவகிக்கு இன்றும் உறுதி இல்லை. கணவரின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் முடிச்சுப் போடும்போது, நாத்தனார் கிருஷ்ணம்மாள் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்குவதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறாள். ஆனால் அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்ததாகவும், யாரோ போய்ச் சொல்லி நிறுத்தியதாகவும் ஒரு ஞாபகம் இருக்கிறது. யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், அந்த நேரத்தில் உனக்கு அதுவா முக்கியம் என்பார்கள்.

அவளுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை.

பன்னீர்செல்வம் ஆரணியில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றல், சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தெள்ளார் வரைக்கும் போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். திருமலை கிராமத்தில் ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திரும்பும்போது வண்டி சறுக்கி விழுந்தார். வேலூரில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, சத்தம்தான் அவருக்கு ஆகாமல் போயிற்று. ஒரு தட்டு கை தவறி விழுந்தால்கூடத் தலையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுவார். பெரிய சத்தமென்றால் கைகால் இழுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு வீட்டில் குக்கர் வைப்பதை விட்டாள். கதவுக் கீல்களுக்கு வாரா வாரம் எண்ணெய் விட்டாள். தறிச் சத்தம் வராமலிருக்க உள்ளறை ஜன்னலில் பழைய மெத்தை ஒன்றைச் சேர்த்துக் கட்டினாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி பீரோவில் வைத்தாள்.

மாலை வகுப்பை மட்டும் அவளால் விட முடியவில்லை. விபத்துக்கு முன்பே, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டத்தில் அவள் அந்தத் தெருவின் தன்னார்வலர். ரைஸ் மில்லுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், தறிக்காரர்களுக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுக்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் ஐந்து மணிக்குப் பையோடு வருவார்கள். அவரைத் தனியாக விட்டு வேறிடத்தில் போய் நடத்த வழியில்லை. அதனால் முன்னறையிலேயே மூச்சுக்காற்றில் பாடம் நடந்தது. பிள்ளைகள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். தும்மல் வந்தால் பையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். யாராவது சரியாக வாசித்துவிட்டால் மற்றவர்கள் கை தட்டமாட்டார்கள். பத்து விரல்களையும் காற்றில் ஆட்டுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவர்கள் அப்படித்தான் வாய்க்குள்ளேயே படிக்கக் கற்றார்கள்.

பன்னீர்செல்வம் இறப்பதற்கு முந்தின மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார். உதடுகள் அசைந்தன. ஒருவர் குரலும் எழும்பவில்லை.

"வாயே தெறக்க மாட்டேங்குதுங்களேம்மா. ரெண்டு வருஷமா இன்னாதான் சொல்லிக் குடுத்தீங்க?"

"படிக்கிறாங்க மேடம். கொஞ்சம் கிட்ட வந்து கேட்டீங்கன்னா..."

"ஒவ்வொரு புள்ள வாயாண்டயும் நான் காத வச்சிகினு இருக்க முடியுமா?"

அடுத்த தடவையும் இப்படியே என்றால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு இந்த மாலை வகுப்பைச் சேர்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ரோட்டில் நெல் லாரிகள் ஓயாமல் போகும். வகுப்புக்கு வரும் கனிமொழியின் அம்மா சின்னபொண்ணு அப்போதே சொல்லிவிட்டாள்: "அந்த ரோட்டத் தாண்டி எவ அனுப்புவா? ஊட்டுல குந்தி தார் சுத்தட்டும்." மற்ற வீடுகளிலும் அதே பேச்சுதான் என்று தேவகிக்குத் தெரியும்.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. சத்தமாகப் படிப்பதை அந்த வீட்டில் வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வருகிற திங்கட்கிழமை மறுபடி வருவதாக அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்தத் திங்களுக்கு முந்தின வியாழக்கிழமை விடியலில், கஞ்சியோடு போய் எழுப்பியபோது பன்னீர்செல்வம் எழுந்திருக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் சந்தோஷ் வந்து சேர்ந்தபோது, வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அவன் பின்னாலேயே பாலமுருகன் ஏணியோடு வந்தான். பன்னீர்செல்வத்திடம் தொழில் பழகி, இப்போது சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறவன். தோளில் இரண்டு குழாய்கள்.

கிருஷ்ணம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். "இன்னாத்துக்குடா குழாயத் தூக்கிகினு வர்ற? சத்தம்னாலே துடிச்சிப் போவான்டா என் தம்பி."

பாலமுருகன் பாதி ஏணியில் நின்றான். "ஊரு சாவுக்கெல்லாம் அண்ணன் கட்டினாரு பெரிம்மா. அவரு சாவுக்குக் கட்டலன்னா எங்க ஆளுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"கண்ண மூடிக்கோ. குழாயும் வாணாம், மோளமும் வாணாம்."

"அத்தை சொல்றதுதாம்மா கரெக்டு," என்றான் சந்தோஷ். "கம்முனு எடுத்துகினு போயிடலாம். அப்பாவுக்குப் புடிக்காது."

எல்லோரும் தேவகியைப் பார்த்தார்கள். அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் எப்போதும் இருக்கும் சுருக்கம் காணாமல் போயிருந்தது. ஏணியில் நின்றவன் கால் மாற்றி நின்றான்.

"கட்டட்டும் அண்ணி. மோளமும் வரட்டும்," என்றாள் தேவகி, நாத்தனாரிடம்.

"ஒரு டம்ளர் உருள உடாம பாத்துகினவ பேசற பேச்சா இது?"

"சத்தத்த வச்சிதான அண்ணி எங்களுக்குச் சோறு போட்டாரு."

கிருஷ்ணம்மாள் மகனைப் பார்த்தாள். சந்தோஷ் தரையைப் பார்த்தான். பாலமுருகன் மிச்சப் படிகளையும் ஏறினான்.

மேளக்காரர்கள் வந்து முதல் அடி அடித்தபோது தேவகியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கை தானாக அவர் காதைப் பொத்தப் போனது. பாதியில் திரும்ப மடிக்கு வந்தது. பிறகு அந்தச் சத்தம் தரை வழியாக வந்து முதுகில் ஏறியது. தோள்கள் இறங்கின. எத்தனை காலமாக அவற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்பது தெரிந்ததும் கூசிப்போய், முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுவட்டும், அழுவட்டும்," என்று யாரோ அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். "எல்லாத்தயும் உள்ளயே வச்சிகினு இருந்தா."

எடுப்பதற்கு முன்னால் அவளுக்குப் பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். கிருஷ்ணம்மாள்தான் ஒவ்வொன்றாக ஏற்றினாள். "ரெண்டு வருஷமா மொட்டக் கையா இருந்த. கருமாதியில ஒடைக்கறதுக்கு இப்பப் போடறேன் பாரு," என்று சொல்லிக்கொண்டே அடுத்த வளையலை எடுத்தாள். தேவகி கையை நீட்டியபடி இருந்தாள். ஒவ்வொரு வளையலும் முந்தைய வளையலின் மேல் விழுந்து சத்தம் செய்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். அவர் கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்திருந்த தேவகி, வாசலில் நிழல் ஆடுவதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள். செருப்புகள் கையில் இருந்தன. தெருவெல்லாம் இறைந்து கிடந்த பூவை மிதிக்காமல் ஒரு ஓரமாக வந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணம்மாள் கையை ஆட்டினாள். "சாவு ஊடு. தீட்டு. பதினாறு முடியட்டும், அப்பறம் வாங்க. போங்க, போங்க."

யாரும் போகவில்லை. கனிமொழி தலையை மட்டும் நீட்டி, உதட்டை அசைத்தாள். "மிஸ், கிளாஸ் இல்லியா?"

தேவகி விளக்கைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு முன்னால் அதிக நாள் இல்லை. அவள் எழுந்து, நிலைப்படியைத் தாண்டி, ஷாமியானாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் எதிரில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, நெருப்பு அணையல இன்னும். ஊரு இன்னா பேசும்?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"திங்கக்கிழம வந்து படிக்கச் சொல்லிப் பாப்பாங்க அண்ணி. சத்தமாப் படிக்கலன்னா கிளாஸ மூடிடுவாங்க. அப்பறம் இதுங்க எங்கயும் போவாதுங்க."

கிருஷ்ணம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாலமுருகன் மெல்லக் கிட்டே வந்தான். "மைக் தரட்டுமா அக்கா? குசுகுசுன்னு படிச்சாக்கூட நாலு தெருவுக்குக் கேக்கும்."

"வேணாம்பா. அங்க மைக் இருக்காது."

கனிமொழி புத்தகத்தைப் பிரித்தாள். படிக்க வாயெடுக்கும் முன்னால் வீட்டுக்குள் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். தினமும் அப்படித்தான், உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வாசிப்பார்கள்.

"ஏன் அங்க பாக்கற? ஐயா போயிட்டாரு கண்ணு."

"தெரியும் மிஸ்." கொஞ்ச நேரம் புத்தக முனையை மடித்தாள். "நான் கத்தினா அவருக்கு வலிக்காதா?"

விரித்திருந்த பக்கத்தின் மேல் தேவகி கைவைத்து நீவிவிட்டாள். வளையல்கள் ஒலித்தன.

"வலிக்காது. படி."

கனிமொழி படித்தாள். காற்றுதான் வந்தது. தேவகி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷாமியானாவின் கடைசிக்குப் போனாள். கனிமொழியின் உதடுகள் அசைவது தெரிந்தது. நாற்காலியை இன்னும் பின்னால், எதிர்வீட்டுச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டாள். பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வரிசையில் இருந்த இன்னொருத்தி அழப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

வாசலிலிருந்து கிருஷ்ணம்மாள்தான் வெடித்தாள்.

"இன்னாடி படிக்கற? ஒரு எழவும் காதுல உழல. இதுக்கா உங்க மிஸ்சு தீட்டோட வந்து தெருவுல குந்திகினு கீறா? படிக்கறதுதான் படிக்கற, நல்லா வாயத் தெறந்து படியேன்."

கனிமொழி அவள் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆற்றில் தண்ணீர் வந்தது!"

கரகரவென்று, தகரத்தைக் கீறியது போன்ற குரல். அவளுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

தேவகி அதற்குள் எழுந்து ஓடியிருந்தாள். தெருவைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டி, நிலைப்படி வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்றாள். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலைத் தூக்கிக் கழுவிச் சாய்த்திருந்தார்கள். அவள் நிலையில் கைவைத்தபடி நின்றாள். கிருஷ்ணம்மாள் அவள் கையைத் தொட்டாள்.

கனிமொழி பயந்து நிறுத்தியிருந்தாள்.

"மேல படி," என்றாள் தேவகி, திரும்பாமல்.

"ஆற்றில் தண்ணீர் வந்தது. ஊரில் எல்லோரும் பார்க்க ஓடினார்கள். பாட்டி மட்டும் துணி மூட்டையோடு ஓடினாள்."

யாரோ சிரித்தார்கள். அடுத்தவள் தன் முறைக்குக் காத்திராமல் ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் எதைப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தேவகி திருத்தவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் தெருமுனையிலேயே அதைக் கேட்டார்கள். சந்தோஷ் ஈர வேட்டியோடு வந்து, வாசலில் வைத்திருந்த தண்ணீரில் காலைக் கழுவினான்.

"உங்கம்மாவப் பாருடா," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"பாத்துகினுதான் கீறேன் அத்தை."

அவன் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை தேவகியால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. சின்னபொண்ணு மில்லில் லீவு சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போனாள். இரண்டு பேர் தடுமாறினார்கள். மற்றவர்கள் படித்த சத்தத்தில் ஒன்றிய அலுவலகத்து அம்மா, போதும், போதும் என்று கையைக் காட்டினாராம். வகுப்பு அதே தெருவில்தான் நடக்கிறது. கிருஷ்ணம்மாள் கருமாதி முடிந்து ஊருக்குப் போனாள். தீட்டு வீட்டில் பாடம் நடந்த கதையைத் தானே நடத்தியது மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷுக்கு வேலை நிரந்தரமாயிற்று. பன்னீர்செல்வத்தின் குழாய்களைப் பாலமுருகன் எடுத்துக்கொண்டான். சின்னபொண்ணு மில்லுக்குத்தான் போகிறாள். கனிமொழி இப்போது ஆறாவது படிக்கிறாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

தேவகியின் குரல்தான் இன்னும் எழும்பவில்லை. எவ்வளவு முயன்றாலும் முன்வரிசையைத் தாண்டிப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கடைசியிலிருந்து, "காதுல உழல மிஸ்," என்கிறார்கள். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.