மாமியார் முதுகில் நீலப்புள்ளி

மருமகளின் தீசிஸில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. முதுகுத்தண்டிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் எவ்வளவு தூரம் என்று இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் தனித்தனியாக டேப் வைத்துப் பார்த்தால், ஒரே அளவு வருமா? அவளும் கூடப் படிக்கும் தோழியும் முப்பது முதுகுகளை அளந்தார்கள். முப்பதில் இருபத்தொன்பது ஒத்துப்போனது. கைடு குதிக்காத குறைதான். நாளைக்கு அவர் கையெழுத்துப் போட்டால் பட்டம், கூடவே பேசி வைத்திருந்த வேலை. போடாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும், வேலையும் அம்போ.

முப்பதில் ஒன்று மாமியாரின் முதுகு. ஆள் கிடைக்காத கொடுமைக்கு இழுத்துப்போனது.

"ஏம்மா, என் முதுகுல என்னத்த கிறுக்கி வச்ச? நாலு நாளா தேய்க்கிறேன், போய்த் தொலைய மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலும்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து அவள் வைத்த மார்க்கர் புள்ளி, நீலமாக அப்படியே இருந்தது. அடுத்து தோழி அளக்கும் முன் அதைத் துடைத்திருக்க வேண்டும். தோழிக்குப் போனைப் போட்டாள்.

"புள்ளிய நீ துடைக்கலயா?"

"வச்சவ நீ, நீதான துடைக்கணும்? எனக்கு வசதியா இருந்துச்சு, அதுலயே டேப்ப வச்சுட்டேன்."

"முப்பது பேருக்குமா?"

"முப்பது பேருக்கும்தான்."

அடிப்பாவி! அவள் எங்கே எலும்பைத் தேடினாள்? புள்ளியை அல்லவா அளந்து வைத்திருக்கிறாள்!

தோழி ஓடி வந்தாள். ஸ்பிரிட் போட்டுப் புள்ளியைத் தேய்த்து அழித்தார்கள். ஒருத்தி அளக்கும்போது மற்றவள் அடுத்த அறையில் நின்றாள். மருமகளுக்கு ஆறு சென்டிமீட்டர், தோழிக்கு எட்டு. மறுபடி அளந்தால் மருமகளுக்கே ஏழரை.

"அரைமணி நேரத்துல என் எலும்பு இவ்ளோ தூரம் நடந்துச்சா?" என்றார் மாமியார். "நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது!"

தோழி சிரித்துவிட்டாள். மருமகளுக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் கைடு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்தப் புள்ளி விஷயம் வேற யாருக்கும்மா தெரியும்?"

தோழி வாய் திறக்க மாட்டாள். கிடைக்கவிருந்த வேலை ஒரு தடவை கண்முன் வந்து போனது.

"என் மாமியாருக்குத் தெரியும் சார்."

அவருக்கும் மாமியார் உண்டு. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"மொதல்லேர்ந்து அளங்க," என்றார்.