வாயில் நிற்கும் ஒரு மிடறு

1

இந்தக் கதை ஒரு பாட்டில் லேபிளில் தொடங்கியது. பிறகு தெரிய வந்து நீங்கள் விலையைக் குறைத்துக் கேட்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓஹாகா நகரத்தில் கடை வைத்திருக்கும் என் சிநேகிதி, தான் விற்கும் மெஸ்கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி ருசிக் குறிப்பு எழுதித் தரச் சொன்னாள். கற்றாழையின் அடிக்கிழங்கைச் சுட்டு, நசுக்கி, புளிக்கவைத்து வடிக்கும் சாராயம்தான் மெஸ்கால்; கற்றாழை மாறினால் ருசி மாறும். எங்கள் குடும்பம் சந்தையில் கடை போட்டு வளர்ந்தது. ஒரே சரக்கை வாங்கும்போது ஒரு விதமாகவும் விற்கும்போது வேறு விதமாகவும் வர்ணிக்கப் பழகிய வாய் எனக்கு. எழுதுவதா சிரமம்?

எஸ்பதீன் கற்றாழைக்கு: 'சுட்ட மண், விறகுப் புகை, கடைசியில் எலுமிச்சைத் தோல்.' தோபலாவுக்கு: 'கனிந்த கொய்யா, ஈர நிழல்.' (நிழலுக்கு ருசி உண்டா என்று கேட்காதீர்கள். லேபிளில் உண்டு.)

மூன்றாவது தெபெஸ்தாதே. செங்குத்தான பாறை இடுக்கில் தானாக முளைத்து, பனியைக் குடித்து, ஒரு பிள்ளை பிறந்து கல்யாண வயதுக்கு வரும் காலம்வரை முற்றும் காட்டுக் கற்றாழை. ஒரு வாய் குடித்தேன். எழுதினேன்: 'மல்லித்தழை, பச்சை மிளகாய், மழைக்கு முந்தைய—' அடித்தேன். 'ஏதோ ஒரு பழைய—' அடித்தேன். 'இதைக் குடிக்கும்போது மனிதன்—' இதை அடித்ததற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வாய் தோற்ற பிறகு என்ன செய்வது? என்னைவிடத் தேர்ந்த ஒருவரின் வாயில் ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்படிப் பிறந்தவர் எவாரிஸ்தோ.

2

எவாரிஸ்தோ மலைக் கிராமங்களில் மெஸ்கால் வாங்கிப் பள்ளத்தாக்குச் சந்தையில் விற்பவர். நாணல் குழலால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விடும்போது எழும் நுரை முத்துக்களைப் பார்த்தே சரக்கின் வீரியத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் வாங்கப் போன இடத்தில் எந்தச் சரக்கையும் நல்லது என்று சொன்னவரில்லை. சொன்னால் விலை ஏறிவிடும்.

(இங்கே அவர் மீசையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மீசை கதைக்கு உதவவில்லை.)

இன்று காலை அவர் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பெண், அவருடைய ஒரே மகள் நெரெய்தா. கேட்டு வந்திருப்பவள் த்ரான்சிதோ. மலைமேல் சொந்தமாக மெஸ்கால் வடிப்பவள். 'கால் கழுவுற தண்ணி' என்று எவாரிஸ்தோ அவள் சரக்கை முகத்துக்கு நேராகவே மட்டம் தட்டிப் பேரம் பேசியதால், அவருக்கு விற்பதையே நிறுத்தியவள். அவள் மகன் எலாதியோ முற்றத்தில், சீராகக் கொண்டுவந்த வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

நான் இவர்களைக் குடிவைத்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் மெஸ்காலைப் பெண்ணின் தகப்பன் முகரலாம், குறை சொல்லலாம், சிரிக்கலாம். விழுங்கிவிட்டால் பெண் கொடுத்ததாக வாக்கு. வாயில் வாங்கித் துப்பினால் அந்தக் குடும்பம் மறுபடி அந்த வாசலை மிதிக்காது.

குடிப்பதில்லை என்று எவாரிஸ்தோ முடிவு செய்திருந்தார். நெரெய்தாவுக்கும் அது தெரியும். விடிந்ததும் சோள ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஓடிப்போற ஆளில்லப்பா. இந்த ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் கட்டிக்கிறாங்க. நான் மாட்டேன். எல்லார் முன்னாடியும் நீ குடி, இல்ல குடிக்காத. குடிக்கலன்னா எலாதியோ வேற எடம் பாத்துக்கட்டும்."

"அவ்வளவு சுலபமா?"

"சுலபம்னு நான் சொன்னேனா?"

3

எவாரிஸ்தோவின் மேல் எனக்கே சந்தேகம். ஏன் மறுக்கிறார்? கௌரவம் என்று முதலில் எழுதினேன். பொய். பையன் சரியில்லை என்று எழுதினேன். பையன் தங்கம். பிறகுதான் பிடிபட்டது. மலையில் நாளெல்லாம் பொய்யாக மட்டம் தட்டிவிட்டு வீடு திரும்பியதும், வாங்கிய சரக்கில் ஒரு கிண்ணம் ஊற்றி மகள் முன்னால் வைப்பார். "எப்படிம்மா?" என்பார். அவள் சொல்வாள். அவரும் சொல்வார், உண்மையை. உலகத்தில் அந்த ஒரு ஆளிடம்தான் அவர் வியாபாரி இல்லை. அவளும் மலையேறிவிட்டால் உண்மையை யாரிடம் போய்ச் சொல்வது?

4

பெண் கேட்கப் பேச்சாளராக அழைத்துவரப்பட்டவர் பெரியவர் மெலிதோன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல நிக்கிற இந்த நல்ல வீட்டுக்கு—"

"வீடு எங்க நிக்குதுன்னு அவருக்குத் தெரியும்ணே," என்றாள் த்ரான்சிதோ. "கிண்ணத்தை நீட்டுங்க."

முதல் கிண்ணம் எஸ்பதீன். எவாரிஸ்தோ முகர்ந்தார். "அடுப்பு வாசம். இதுக்கு எங்க வீட்டு சமையக்கட்டுலயே உக்காந்துக்குவேனே."

இரண்டாவது தோபலா. "பழக்கடைக்காரி சால்வை வாசம்."

"மூக்காலயே பேரம் பேசுறீங்களே சம்பந்தி, வாயை எங்க அடகு வச்சீங்க?"

"யாரு சம்பந்தி? இன்னும் எதுவும் எறங்கல."

"எறங்கும்," என்று மூன்றாவதாகத் தெபெஸ்தாதேயைக் காய் ஓட்டாலான கிண்ணத்தில் அவளே குழலால் ஊற்றினாள். முத்துக்கள் விளிம்பைச் சுற்றிக் கோத்து நின்றன. உடைகிற அவசரம் ஒன்றுக்கும் இல்லை.

எவாரிஸ்தோ முகர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி முகர்ந்தார். மூக்குக்குப் பிடிபடாத சரக்கை என்ன செய்வது என்று அவர் கைக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் செய்ததுதான். யாரையும் கேட்காமல் கை கிண்ணத்தை உயர்த்தியது. ஒரு வாய் வாங்கிவிட்டார்.

மெலிதோன் ஆரம்பித்திருந்த அடுத்த வாக்கியத்தை அப்படியே விட்டார். நெரெய்தா அடுக்களை வாசலில் எழுந்து நின்றாள்.

முதலில் பச்சை. கிள்ளிய மல்லித்தழை, மிளகாய்க் காம்பு. அதன் கீழே கல். வெயிலில் காய்ந்து, மாலையில் பனி பட்ட கல். கல்லுக்குக் கீழே—

(இந்த இடத்தில்தான் நான் லேபிளில் தோற்றேன். எவாரிஸ்தோ தோற்கவில்லை. அவரைப் பார்த்து எழுதுகிறேன்.)

கல்லுக்குக் கீழே பொறுமை. மண்ணில்லாத இடத்தில் ஒரு வேர், வருஷக்கணக்காக, அடுத்த மயிரிழை இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. ஒரே ஒரு பூங்குலைக்காகச் சேர்த்துவைத்த இனிப்பு முழுவதையும், பூக்கும் தறுவாயில் வெட்டி இந்த வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வளைந்து கொடுக்கவும் இல்லை, உறுத்தவும் இல்லை. ஒரு மலை வாய்க்குள் வந்து உட்கார்ந்தால் எங்கே இடம் விடுவது? எவாரிஸ்தோவின் கண்கள் நிறைந்தன. காரம் என்று அவர் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

வாழ்க்கையில் முதல்முறையாக, வடித்தவள் முன்னாலேயே ஒரு சரக்கைப் புகழ வேண்டும் போலிருந்தது அவருக்கு. த்ரான்சிதோவிடம் அல்ல. அவர் திரும்பியது மகள் பக்கம். இது எப்படி இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும், இப்போதே.

ஆனால் வாய் நிறைந்திருக்கிறது. பேச வேண்டுமென்றால் அது காலியாக வேண்டும்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: விழுங்குகிறார். "பரவால்ல," என்கிறார். த்ரான்சிதோ உட்கார்ந்துவிடுகிறாள், அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சொல் வராது என்று அவளுக்குத் தெரியும். வான்கோழி கை மாறுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டவுடன் கிடைக்கும் சரக்கில் ஏதோ கோளாறு இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான், அதனால் நிறுத்தினேன்.

இரண்டு: முற்றத்து மண்ணில் துப்புகிறார். அவர்கள் வான்கோழியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் வழக்கம்போல் ஒரு கிண்ணம் ஊற்றி மகள் முன்னால் வைத்து, "எப்படிம்மா?" என்கிறார். "நீயே சொல்லு," என்கிறாள் அவள். இதை எழுதியபின் அந்தப் பாட்டிலைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

(மூன்றாவதும் ஒன்று உண்டு. அதில் வான்கோழி தப்பித்து ஓட, எல்லாரும் அதைத் துரத்த— வேண்டாம்.)

ஆக, எவாரிஸ்தோ நிற்கிறார். கன்னம் உப்பியிருக்கிறது. த்ரான்சிதோ இன்னும் கேலி செய்யவில்லை. நெரெய்தா அப்பாவின் கண்ணைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்க்கிறாள். அதற்குமேல் ஒரு எழுத்தும் என் கையில் இல்லை. நீங்கள் சொல்வதுதான். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு எரிகிறது.