கோலத்துக்குப் போட்ட வெளிச்சம்

மஹேஷ் தன் காருக்கு நீல விளக்கு மாட்டிக்கொண்டது ஆடம்பரத்துக்காக அல்ல, தற்காப்புக்காக. வீட்டில் அப்படித்தான் சொன்னான். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் அவனுக்கு. அமெரிக்காக்காரன் பகலில் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவன் இங்கே கண் விழித்துப் பதில் சொல்ல வேண்டும். மூன்றரை மணிக்கு வேலை முடிந்து பைபாஸ் வழியாகக் கரமனை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் வெல்டிங் பட்டறையை முன்னால் கட்டிக்கொண்டு வருவதுபோல் நீலமும் வெள்ளையுமாகக் கண்ணில் அடித்துவிட்டுப் போனான். டிம் பண்ணு என்று இவன் தன் விளக்கைச் சிமிட்டிக் காட்டினால், இதுதாண்டா டிம் என்று அவன் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் காட்டினான்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவனும் கடைக்குப் போய் அதே விளக்கை மாட்டிக்கொண்டு வந்தான்.

"இனிமே அவா கண்ணை மூடிக்கட்டும்" என்றான்.

அப்பா சேஷன் அதை ரசித்தார். ஏஜீஸ் ஆபீசில் கணக்குத் தணிக்கையில் முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். பிள்ளை தப்பு செய்யக்கூடியவன் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்ததில்லை. எல்லோரும் இப்படியே நியாயம் பேசினால் யாருக்குமே ரோடு தெரியாது என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. அம்மா சாவித்ரிக்குத் தோன்றியதோ வேறு. கோலம் போட எவ்வளவு சௌகரியம்!

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. மலையாள ஊருக்குள் இருந்த அந்தத் தமிழ் அக்ரஹாரத் தெருவின் விளக்கு ஐப்பசியிலேயே கண்ணை மூடிவிட்டது. மார்கழி பிறந்தும் யாரும் வந்து ஏறிப் பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் ஐந்தரைக்கு மேல்தான் கதவு திறப்பார்கள். நாலரைக்கே தெருவில் குந்துகிறவர்கள் சாவித்ரியும் எதிர்வீட்டுப் பத்மஜாவும்தான். பத்மஜாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவள் புருஷன் வெங்கடகிருஷ்ணனுக்குக் கோவிலில் வேலை, மார்கழியில் நாலு மணிக்கே போய்விடுவான். பெண் குழந்தை உள்ளே தூங்கும். டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பத்மஜா புள்ளி வைப்பாள். அப்படியும் ஒரு புள்ளி வரிசை தப்பாது. சாவித்ரிக்கு அதில் கொஞ்சம் பொறாமை, நிறையப் பெருமை. தான் சொல்லிக்கொடுத்த சிக்குக் கோலத்தைத் தன்னைவிட அவள் நன்றாகப் போடுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் சாவித்ரிதான்.

விளக்கு மாட்டிய நாலாம் நாள் வைகுண்ட ஏகாதசி. இருபத்தொரு புள்ளி, தெருவில் பாதிவரை வரும். மஹேஷ் வழக்கம்போலக் காரைத் திருப்பி, முகம் தெரு தொடங்கும் ஜங்ஷனைப் பார்க்கத் தன் வீட்டு ஓரமாக நிறுத்தினான். சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்ப அதுதான் சுலபம். இறங்கப் போனவனை சாவித்ரி நிறுத்தினாள்.

"லைட்டை அணைக்காதேடா. இன்னிக்கு ஒரு நாள் எரியட்டும். வெளிச்சத்துலே போட்டுடறோம்."

எரிந்தது. சாவித்ரியின் வாசல் பட்டப்பகலாகியது. பத்மஜாவின் பக்கம் மட்டும் பாதி இருட்டு.

"செத்தத் தூக்கிப் போடேண்டா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியலை."

"பிரைட் போட்டா எதிர வரவனுக்குக் கண்ணு அடிச்சுப் போயிடும்மா."

"இந்த நேரத்துலே யார் வரப் போறா? பால் வண்டிதான். அவன் வரதுக்குள்ளே முடிச்சுடுவோம்."

மஹேஷுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பிரைட் போட்டான். ஸ்டியரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியைக் காட்டி, "முடிஞ்சா இதை இப்படித் திருப்பு. மறக்காதே, பேட்டரி டவுன் ஆயிடும், கேட்டியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். படுத்த நிமிஷமே தூங்கியும் போனான்.

பால் வண்டி ராஜையனுடையது. பாறசாலைப் பக்கத்து ஆள், பதினோரு வருஷமாகத் தெருக்கோடிக் கடைக்குப் பால் கவர் கொண்டுவருகிறான். மார்கழியில் ஜங்ஷனிலேயே வண்டியை நிறுத்தி, டிம்மில் வைத்து, மெல்ல ஒரு ஹாரன் கொடுப்பான். பெண்கள் எழுந்து வாசலேறிய பிறகுதான் உருட்டிக்கொண்டு உள்ளே வருவான். இத்தனை வருஷத்தில் அவன் டயர் ஒரு கோலத்தை அழித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனுக்குக் கோலத்தின் மேல் இத்தனை மரியாதையா என்று சேஷன்கூட ஒருதரம் ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

அன்றும் ஹாரன் கேட்டது. சாவித்ரி மாவுக் கிண்ணத்தோடு எழுந்தாள்.

"பத்மஜா, எழுந்திரு. பால் வண்டி."

"இந்த ஒரு இழை, மாமி. சேர்த்துட்டு எழுந்துக்கறேன்."

சாவித்ரி வற்புறுத்தவில்லை. சிக்குக் கோலத்தில் ஓட ஆரம்பித்த இழையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சேராத இழை வாசலுக்கு ஆகாது. அவளாக இருந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். தவிர, ராஜையன் காத்திருப்பான்.

ராஜையன் காத்திருக்கவில்லை. அவனுக்கு முன்னால் தெரிந்தது கோலமும் இல்லை, பெண்களும் இல்லை. ஒரு கார் முழு பிரைட்டில் எதிரே வந்துகொண்டிருந்தது. கார் வருகிறதென்றால் பெண்கள் ஏற்கெனவே எழுந்து போயிருப்பார்கள். நெருக்கமான தெரு, அவன்தான் வழி விட வேண்டும். வேறு எந்த நல்ல டிரைவரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இடதுபக்கம் ஒதுங்கி, பத்மஜாவின் வாசலை ஒட்டி, முன்னே வந்தான். நின்றுகொண்டிருந்த ஒரு காருக்கு வழி விட்டான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்மஜாவின் மாவுக் கிண்ணம் உருண்டு போனதுதான் கேட்டது.

அடுத்து சாவித்ரி செய்த காரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பத்மஜாவிடம் ஓடவில்லை. காரிடம் ஓடினாள். கதவைத் திறந்து, பிள்ளை காட்டிய குச்சியைத் திருப்பி, விளக்கை அணைத்தாள். அதற்குப் பிறகுதான் "ஐயோ பத்மஜா" என்று கத்திக்கொண்டு தெருவைத் தாண்டினாள். பிள்ளையைக் காப்பாற்ற அணைத்தாள் என்று சொல்லலாம். அந்த அரை நிமிஷத்தில் அவளுக்குப் பிள்ளை ஞாபகமே வரவில்லை. கை போயிற்று, திருப்பிற்று, அவ்வளவுதான். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

ஜனங்கள் டார்ச்சோடு வெளியே வந்தபோது தெரு இருண்டு கிடந்தது. ராஜையன் வண்டியிலிருந்து இறங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். "எதிர ஒரு வண்டி வந்துது. நீல லைட்டு. ஒண்ணும் காணல்ல, ஒண்ணும் காணல்ல" என்று அதையே சொன்னான். எந்த வண்டி? தெருவில் மஹேஷின் கார் ஒன்றுதான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் அவனை அடித்தார்கள். "குடிச்சிருப்பான்" என்றார் சேஷன். போலீஸ் ஊதச் சொல்லிப் பார்த்தது, குடிக்கவில்லை. அப்படியானால் தூங்கியிருப்பான் என்று தெரு தீர்ப்பை மாற்றிக்கொண்டது. நீல வெளிச்சம் என்று அவன் சொன்னபோது கான்ஸ்டபிள் சிரித்தார்.

பத்மஜா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மத்தியானம் மஹேஷ் அம்மாவைச் சமையலறையில் பிடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, லைட்டு... அவன் வரச்சே எரிஞ்சிண்டிருந்துதோ?"

"இல்லைடா. முன்னாடியே அணைச்சுட்டேன். நீ சொன்னியே, பேட்டரி போயிடும்னு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். நிம்மதி அழுகை. அதைப் பார்த்தபோது சாவித்ரிக்குத் தான் சொன்னது சரி என்றே தோன்றியது. நரகம் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தான் போய்க்கொள்ளலாம், பிள்ளை எதற்கு? அமெரிக்க விசாவுக்கு அவன் பேப்பர் போயிருந்தது. கேஸில் பேர் வந்தால் எல்லாம் போச்சு. போலீஸ் கேட்டபோது, டார்ச் வெளிச்சத்தில் கோலம் போட்டோம் என்றாள். அவர்கள் மலையாளத்தில் எழுதிக்கொண்டார்கள். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் தெரு விளக்கு எரிந்தது. மனுஷி போன பிறகு வந்த வெளிச்சம். சாவித்ரி அதன் கீழே ஒரு நாளும் குந்தவில்லை. முட்டி வலி என்று வேலைக்காரியை வைத்து நாலு கோடு இழுக்கச் சொன்னாள். பத்மஜாவின் பெண் ஸ்கூலுக்குப் போகும்போது "மாமி, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகும். ஒவ்வொரு நாளும் சொல்லும். அந்தக் குரல் கேட்கும் முன்பே உள்ளே போய்விட சாவித்ரி பழகிக்கொண்டாள்.

பங்குனியில் விசா வந்தது. கிளம்ப நாலு நாள் இருந்தபோது, ஒரு சாயங்காலம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நைந்துபோன புடவை, கையில் ஒரு துணிப்பை. தெருவின் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் பால்வண்டி ராஜையனுக்க பெஞ்சாதி, சுசீலாபாய். ஒரு காரியம் கேக்கணும்மா."

சாவித்ரி கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன?"

"அண்ணைக்கு நீங்க தெருவுல நின்னியன்னு சொன்னாவ. எதிர ஒரு லைட்டு வந்துதா, இல்லியா? அத மட்டும் கேக்க வந்தேன்."

"நான் போலீஸ்லே எல்லாம் சொல்லியாச்சும்மா."

"போலீசுக்கு இல்ல. வஞ்சியூர் கோர்ட்டுக்கும் நீங்க வரவேண்டாம். ஜெயில்னா ஜெயிலு, போவாரு. அவரு அதுக்குப் பேடிக்கல்ல." அவள் குரல் இறங்கியது. "கண்ணு டாக்டருட்ட காட்டியாச்சு. கண்ணுக்கு ஒரு கேடும் இல்லன்னுட்டாரு. இப்பம் அவருக்கு மண்டையிலதான் சந்தேகம். நான் உறங்கிட்டனோ, இல்லாத லைட்டக் கண்டனோன்னு கேக்காரு. விடிய விடிய கேக்காரு. சின்னவள ரோட்டக் கடத்திவிடச் சொன்னா, கையப் புடிக்கமாட்டேன், எனக்க கண்ண நம்பாதேங்காரு. லைட்டு உண்டும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, வீட்டுல போயி அவருட்ட மட்டும் சொல்லுவேன். எனக்க பிள்ளேளு மேல சத்தியம், வேற யாருட்டயும் சொல்லமாட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை. உண்டு. கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை, விசாவுக்கு ஒரு கீறலும் இல்லை. இவ்வளவு சுலபமாக யாரும் அவளிடம் மன்னிப்பை நீட்டியதில்லை. சாவித்ரியின் நாக்கு அந்த வார்த்தையின் விளிம்புவரை வந்தது. உள்ளே சேஷன் இருமினார். மஹேஷ் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்த ஒருத்தியிடம் உண்டு என்றால், பத்மஜாவின் பெண்ணிடமும் உண்டு என்று சொல்ல வேண்டிவரும். அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்ததும் நாக்கு திரும்பிப் போய்விட்டது.

"நான் ஒண்ணும் பார்க்கலைம்மா."

சுசீலாபாய் தலையாட்டினாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. "செரிம்மா" என்று சொல்லிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு ஜங்ஷனைப் பார்த்து நடந்தாள். தளர்ந்த நடை. அவள் போவதைப் பார்த்துக்கொண்டே சாவித்ரி வாசலில் நின்றாள். கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைப் பிடித்த கை விடவில்லை.

மஹேஷ் போனை வைத்துவிட்டு வெளியே வந்தான். காரை வாங்குவதாகச் சொன்ன ஆள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது, தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. அந்த ஆள் கதவைத் திறந்து மூடினான், சீட்டைத் தட்டினான், டயரை உதைத்துப் பார்த்தான்.

"லைட்டொக்கெ சரியல்லே?" என்று மலையாளத்தில் கேட்டான், விளக்கெல்லாம் சரிதானே என்று.

"பெர்ஃபெக்ட்" என்று மஹேஷ் உள்ளே குனிந்து பிரைட்டைப் போட்டான்.

தெரு நீலமாக எரிந்தது. பத்மஜாவின் வாசல், இரண்டு பக்கத்துச் சுவர்கள், பாதி வழியில் நடந்துகொண்டிருந்த சுசீலாபாயின் முதுகு, எல்லாம். அவள் நிழல் ஜங்ஷன்வரை நீண்டது. அவள் திரும்பினாள். கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நடந்து வந்தாள். காருக்கு நாலடி முன்னால் வந்ததும் நின்றாள். கண்ணீர் வழிந்தது. அழுகையா, கண் கூசியதா தெரியவில்லை.

"நீலம்னாரு" என்றாள். "வெள்ளை இல்ல, நீலம்னாரு. எல்லாரும் சிரிச்சாவ."

மஹேஷ் ஸ்டியரிங்கின் மேல் குனிந்தபடியே திரும்பி அம்மாவைப் பார்த்தான். நீ முன்னாடியே அணைச்சுட்டேன்னியே என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. சாவித்ரி கதவைப் பிடித்திருந்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. இத்தனை நாள் அவனுக்குத் தெரியாமல் அவள் தனியாகச் சுமந்தது அந்த ஒரு பார்வையில் அவன் தோளுக்கும் ஏறிவிட்டது. அவனுக்கென்று அவள் மிச்சம் வைத்திருந்த நிம்மதியும் போயிற்று.

சொல்லிடேண்டா, நீயாவது சொல்லிடு என்று அவள் மனசுக்குள்ளே கதறினாள். சுசீலாபாய் கையை நெற்றியிலிருந்து எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஹேஷின் கை குச்சியைத் திருப்பியது. தெரு இருண்டது.

"யாரும்மா நீங்க?" என்று அவன் இருட்டில் கேட்டான். "என்ன வேணும்?"