நெரெய்தா சத்தத்தைக் குறைக்கிறாள்

1

இந்தக் கதைக்குச் சொந்தக்காரி யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் துறைமுக ஊரான கார்தெனாஸில், தெரு கடலைப் பார்த்துத் திரும்புகிற இடத்தில், ஒரு பெண் பழைய மோட்டார் சைக்கிளை ஓடவிட்டு அதன் புகைக்குழாய் அருகே உள்ளங்கையை நீட்டிக் குந்தியிருந்தாள். தூங்குகிறவர் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்போமே, அப்படி. நான் குதிரைவண்டியில் கடந்து போனேன். பார்த்தது அவ்வளவுதான். பெயர், புருஷன், வருத்தம் எல்லாம் நான் வைத்தவை.

முதல் வரி: "எவெலியோ தம்பாவுக்குப் போன அன்று மழை பெய்து"

வேண்டாம். கதைகளில் யார் ஊரை விட்டுப் போனாலும் மழை வந்துவிடுகிறது.

"நெரெய்தாவுக்கு அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காது." இது பொய். அவளுக்கு அதைப் பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைப்பாள், பெட்ரோல் கிடைத்தால் துறைமுகம் வரை ஓட்டிவிட்டு வருவாள்.

"ஞாயிற்றுக்கிழமை எவெலியோ போன் செய்வான். நெரெய்தா வண்டியைக் கிளப்புவாள்." இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

2

எவெலியோ அவள் புருஷன். மூன்று வருடமாக அமெரிக்காவில், தம்பாவில், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். வண்டி நாற்பத்தேழாம் வருடத்து ஹார்லி, அவன் அப்பா ஓட்டியது. பிஸ்டன் ஒரு ரஷ்யக் காருடையது, சங்கிலி ஒரு பாட்டில் ஆலையில் ஓடியது, இருக்கைத் தோல் யாருடைய சோபாவோ. எங்கள் ஊர் ஹார்லிக்காரர்களின் வண்டிகள் எல்லாமே இப்படித்தான். உறுப்பு எதுவாகவும் இருக்கட்டும், சத்தம் மட்டும் மாறக்கூடாது. வருவது யார் வண்டி என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கினால் உள்ளே காப்பி அடுப்பில் ஏறும்.

"கிளப்பு," என்றான் எவெலியோ போனில்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். நீ கிளப்பு, கேக்கலாம்."

அவள் மெலிந்த உடம்புக்காரி. மிதிகட்டையில் ஏறி நின்று மொத்த எடையையும் ஒரே தடவையில் கீழே விட வேண்டும். வண்டி எதிர்த்து உதைத்த தழும்பு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டாவது மிதியில் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் புகைக்குழாய் பக்கம் பிடித்தாள்.

"ஆங்... அப்படித்தான். கொஞ்சம் முறுக்கு. போதும், போதும். பின் சிலிண்டர்ல ஏதோ தட்டுது, கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"காதைக் கிட்ட வை, கேக்கும். ஒஸ்மானிகிட்ட வால்வைப் பாக்கச் சொல்லு. என் ராசாத்தி!"

ராசாத்தி என்றது வண்டியை. முதல் சில மாதம் அவள் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்திருந்தாள்.

"எவெலியோ, போன வாரம் நான்..."

"நிறுத்திடாத. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடியது. பிறகு இணைப்பு அறுந்தது.

[அவள் என்ன சொல்ல வந்தாள்? இங்கே ஒரு நோயைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மார்பில் கட்டி, தங்கையின் சாவு, ஏதாவது. கொடுத்தால், பெரிய சேதி இருந்தால்தான் ஒருத்தியின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடும். ஆகவே சின்னதாக வைத்துக்கொள்கிறேன்: போன வாரம் நெரெய்தா மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்தாள். நிலைக்கண்ணாடியில் தெரிகிற முகம் அவளுக்கே புதிது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.]

3

சத்தத்தைக் குறைத்தால் தன் பேச்சு கேட்கும் என்று அவளுக்கு எப்போது தோன்றியது? அந்த நொடியை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கையிலிருந்த கம்பி நாரைத்தான் அவள் முதலில் புகைக்குழாய்க்குள் திணித்தாள். வீட்டிலிருந்த நார் அத்தனையையும், துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தி.

வண்டி கிளம்பியது, குரல் கம்மியது. அவள் சிரித்தாள். தெருமுனையைத் தாண்டும்போது நார் தீப்பிடித்து, குழாயிலிருந்து பொறி மழையாகப் பின்னால் கொட்டியது. பின்னால் வந்தது ஒரு குதிரைவண்டி.

"ஏம்மா! ஏ கண்ணாடிக்காரம்மா! என் குதிரை வாலு என்ன உனக்குச் சுருட்டா, பத்த வைக்கிற?"

"மன்னிச்சிடுங்க, சத்தம் கொறையட்டும்னுதான்..."

"சத்தம் கொறையணும்னா வீட்ல ஒக்காரு! என் பொண்டாட்டிகிட்ட கேளு, எப்படின்னு சொல்லித் தருவா. ஒரு வாரமா எங்கூட பேசவே இல்ல!"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெரெய்தாவும் சிரித்தாள். பேசாத பொண்டாட்டியை நினைத்துக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் கொஞ்சம் பொறாமைப்பட்டாள். பேச்சை நிறுத்தினால் கவனிக்கிற ஒருவன் அந்த வீட்டில் இருக்கிறான்.

(கடைசி வாக்கியம் எனது. அவள் இவ்வளவு தெளிவாக நினைத்திருக்க மாட்டாள். ஆனாலும் எடுக்க மனமில்லை.)

4

ஒஸ்மானி, எவெலியோவின் கூட்டாளி, வெல்டர். ஒரு பழைய எஃகுக் குழாயைக் காட்டினான்.

"இதுல வரிசையா ஓட்டை போட்டு, படகு ஒட்டுற கண்ணாடி நார்த் துணியச் சுத்தி, உங்க குழாய்க்குள்ள சொருகணும், அண்ணி. சத்தம் ஓட்டைக்குள்ள பூந்து துணியில செத்துரும். ரொம்ப இறுக்கிச் சுத்துனா வண்டிக்கு மூச்சு முட்டும், சூடேறி நின்னுரும்."

"போடு."

"எவெலியோ என்னக் கொன்னுருவான்."

"அவன் அங்க இருக்கான்."

"அதான் தைரியமா செய்யறேன். ஆனா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டே ரெண்டு போல்ட்டுதான் வைக்கறேன், மனசு மாறினா உருவிடலாம்."

கரண்ட் வந்த நேரத்தில் ஓட்டை போட்டான். போன நேரத்தில் துணி சுற்றினான். வேலை முடிந்ததும் நெரெய்தா வண்டியைக் கிளப்பி, குழாய் வாயருகே உள்ளங்கையை நீட்டினாள். சூடான மூச்சு சீராக வந்து கையில் தட்டியது. சத்தம் இருந்தது, ஆனால் அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான் பார்த்தது இந்த இடத்தைத்தான். இதற்குப் பிறகு என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

5

"கிளப்பு."

"ஓடுது."

"எங்க?"

"உன் காதுகிட்டதான் பிடிச்சிருக்கேன். எவெலியோ, கேளேன், நான் கண்ணாடி..."

"ஒண்ணும் வரல. நெரெய்தா, வண்டிய வித்துட்டியா?"

"விக்கல. சத்தத்தக் கொறச்சிருக்கேன்."

"எவன்கிட்ட வித்த?"

போட்டோ எடுத்து அனுப்பினாள். பழைய போட்டோ என்றான். வீடியோவில் பேச எங்கள் ஊர் இணைப்பு தாங்காது, அது அவனுக்கும் தெரியும். வைத்துவிட்டான்.

(வெளியாள் ஒருவர் இதைப் படித்தால், இப்படியா ஒருவன் நினைப்பான் என்பார். ஹார்லிக்காரன் இப்படித்தான் நினைப்பான். குரல் கேட்கவில்லை என்றால் வண்டி கைமாறிவிட்டது என்றுதான் அவன் காது சொல்லும். பொண்டாட்டி சொல்வது அதற்கு அப்புறம்.)

மறுநாள் வாசலில் இரண்டு முறுக்கு. காப்பி ஏறியது. ஒஸ்மானி உட்காரவில்லை.

"அண்ணி, எனக்குப் போன் பண்ணி அழுதான். சின்னப் புள்ள மாதிரி."

"அழுதானா?"

"வண்டி இருக்குடா, என் கண்ணால பாத்தேன்னேன். 'அப்ப சத்தம் எங்க'ங்கறான். அண்ணி போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வச்சேன்."

ஏர்போர்ட்டுக்குப் போன அன்று எவெலியோ அழவில்லை. வண்டியின் டாங்கியில் கை வைத்து நின்றான், பிறகு அவளிடம் சாவியைக் கொடுத்தான். அதை அவள் ஒஸ்மானியிடம் சொல்லவில்லை.

"இந்த ஞாயித்துக்கெழம ஒருதரம் கூப்பிடுவானாம். அன்னிக்கும் சத்தம் வரலன்னா இனிமே கூப்பிடவே மாட்டேங்கறான். ஸ்பானர் கொண்டாந்திருக்கேன். ரெண்டு போல்ட். உருவிடவா?"

நெரெய்தா கண்ணாடியைக் கழற்றி, பாவாடை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"உனக்கு எதாச்சும் வித்தியாசம் தெரியுதா ஒஸ்மானி, என்கிட்ட?"

அவன் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். "எளச்சிட்டீங்க," என்றான்.

6

முடிவை மூன்று விதமாக எழுதினேன்.

அவள் போல்ட்டைக் கழற்றுகிறாள், தெரு அதிர்கிறது, அவன் "ராசாத்தி" என்கிறான். நடக்கக்கூடியது. பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

போன் அடிக்க அடிக்க அவள் வண்டியில் ஏறிக் கடற்கரைச் சாலையில்

இல்லை. அவளுக்கு வேண்டியது சாலை இல்லை. அவள் பேச்சை யாராவது கேட்க வேண்டும்.

மூன்றாவதில் அவன், "நீ எப்படி இருக்க?" என்று கேட்கிறான். இதை எழுதும்போது எனக்கே இனித்தது. இனித்ததும் அடித்துவிட்டேன். அவன் அப்படிக் கேட்கிறவனாக இருந்தால் நான் இந்தக் கதைக்கே வந்திருக்க மாட்டேன்.

மிச்சமிருப்பது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. போல்ட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அது தைரியமா, பிடிவாதமா, எனக்குத் தெரியவில்லை. நெரெய்தா மிதித்தாள், வண்டி பிடித்துக்கொண்டது. குழாயருகே குந்தி போனை நீட்டினாள்.  எவெலியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இந்த வீட்டை அவன் ஒருநாளும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"இருக்கு," என்றான் கடைசியில், மெல்ல. "லேசா இருக்கு. அதேதான். ஓடுது."

அவள் வாய் திறந்தாள். காற்று திரும்பி, புகை நேராகத் தொண்டையில் ஏறியது. இருமினாள். நிறுத்தப் பார்த்தும் முடியாமல் மறுபடி இருமினாள்.

"யாரு அது?"

போனை நீட்டியபடியே அவள் வாயைத் துடைத்தாள்.

"வண்டிகிட்ட யாரோ இருக்காங்க. இருமுறது கேக்குது. நெரெய்தா? யாரு அங்க?"

"நான்தான்" என்று எழுதினேன், அழித்தேன். "யாருமில்ல" என்று எழுதினேன், அதையும் அழித்தேன். "நீயே சொல்லு" என்பதில் கோபம் இருந்தது. அவள் என்னிடம் கோபத்தைக் கேட்கவில்லை. வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

இணைப்பு அறுந்துவிட்டது என்று எழுதித் தப்பிக்கலாம். எங்கள் ஊரில் எல்லாரும் நம்புவார்கள். ஆனால் அறுந்துவிடவில்லை. எவெலியோ காத்திருக்கிறான். பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அவள் குரல் பழக்கமில்லை.