பிடித்து வைத்த வாசிப்பு

என் வீட்டுக்காரர் ஜாவித், கல்யாணமான மூன்றாம் மாதமே ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியவர். அங்கே ஒரு பாட்டு ஸ்டுடியோவில் கீபோர்டு வாசிக்கிறார். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கே வந்து இங்கிருந்தபடி இன்டர்நெட்டில் அந்த ஸ்டுடியோவுக்கு வாசிக்க முடியுமா என்பதுதான் 2006-இல் எங்களுக்கிருந்த ஒரே கவலை. ஸ்டுடியோ முதலாளி ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஜாவித் அங்கே, நான் பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டின் நாலு வரியை, ஆளுக்கு இரண்டாக, சேர்ந்து வாசிக்க வேண்டும். சேர்ந்து வந்தால் ஊருக்கு வந்துவிடலாம். இல்லாவிட்டால் அன்றைக்கே இரண்டு வருட கான்ட்ராக்டில் கையெழுத்து.

இதற்கென்று அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னச் சேதியாகப் போகும். எத்தனை மணிக்கு ஒலிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். முன்னதாக வந்துவிட்டால் கம்ப்யூட்டர் அந்த நேரம் வரைக்கும் பிடித்து வைக்கும். நேரம் கடந்து வந்தால் தூக்கி எறிந்துவிடும். நம் ஊருக்கும் ஷார்ஜாவுக்கும் உள்ள ஒன்றரை மணி வித்தியாசத்தைக்கூட மறக்காமல் சேர்த்திருந்தார். மனுஷர் அதிலெல்லாம் கெட்டி.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய், சொன்னபடி, சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆனதும் வாசித்தேன். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். ஊஹூம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் வந்து உட்காரவே இல்லை என்று முடிவு கட்டினேன். வேண்டுமென்றால் அவர் போன் பண்ணட்டும், நானாகப் பண்ணுவேனா? வெளியே நல்ல மழை. அப்படியே மேசையில் தலை சாய்த்தேன்.

தூக்கத்தில் யாரோ வாசித்தபடியே எங்கள் ஊர் வெள்ளாற்றைக் கடந்து வந்தார்கள். தண்ணீர் அவர்களுக்கு வழி விட்டது, மழையும் அந்தத் தாளத்துக்கே பெய்தது. கண் விழித்த பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜாவித்தின் கைதான். இரண்டு வரி வாசித்து, என் இரண்டு வரிக்கு இடம் விட்டு, மறுபடியும் வாசித்தார். எவ்வளவு ஆசையாக வாசித்தார்!

சுவரில் மணி நாலரை. கம்ப்யூட்டரில் மூன்று.

“மாமா, இதுல ஏன் மூணு மணி காட்டுது?”

கடைக்காரர் பீர் முகமது சிரித்தார். “இங்க வர்றது பூரா வெளிநாட்டுல வேல பாக்குற சபராளி வூட்டுப் பொம்பளைங்கம்மா. அங்க என்ன மணி, அங்க என்ன மணின்னு உசுர எடுக்குறாங்க. அதான் எல்லாத்துலயும் துபாய் மணியவே வெச்சுட்டேன்.”

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் ஒரே மணிதான். இந்தக் கம்ப்யூட்டரில் மூன்று ஆகட்டும் என்று, ஜாவித் வாசித்ததெல்லாம் ஒன்றரை மணி நேரமாக இந்தப் பெட்டிக்குள் காத்துக் கிடந்திருக்கிறது. நான் வாசித்ததெல்லாம், இந்தத் தப்பு மணியோடு போனதால், நேரம் கடந்துவிட்டதென்று அங்கே குப்பைக்குப் போயிருக்கிறது. கடைப் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன்.

“மச்சான், உங்க புரோகிராம்ல தப்பில்ல. இங்க மணிதான் தப்பு. கையெழுத்துப் போட்டுடாதீங்க.”



“போட்டுட்டேன் ஃபஹ்மி. இப்பத்தான் வாங்கிட்டுப் போனாங்க.” பிறகு மெல்லக் கேட்டார். “அங்க யாரு வாசிக்கிறது?”

ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். அழுகை வந்துவிட்டது.

“நீங்கதான் மச்சான். இன்னும் எனக்கு இடம் விட்டு வாசிச்சுக்கிட்டிருக்கீங்க.”